உயிர்களின் ஒழுங்கும் வெப்ப இயக்கவியலும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

உயிர்கள் வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதியை மீறுகின்றன என்று எழுதிவிடுவதுதான் பழைய தவறு. என்ட்ரோபி (எளிதாகச் சொன்னால், ஒழுங்கின்மையின் அளவு) குறையாது என்பது, சூழலோடு ஆற்றலோ பொருளோ பரிமாறாத தனித்த அமைப்புக்கான விதி. செல்லோ இரண்டையும் பரிமாறும் திறந்த அமைப்பு. எது அமைப்பு, எது சூழல் என்று முதலில் எல்லை வரையுங்கள். ஓய்விலிருக்கும் மனித உடல் ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளியே தள்ளுகிறது. 300 கெல்வின் சூழலில் அது நொடிக்குச் சுமார் 0.33 ஜூல்/கெல்வின் என்ட்ரோபி. உள்ளே கூடும் ஒழுங்குக்கான விலை இது.

அதிகம் குழப்பிக்கொள்ளும் இடம் வேறு. தானாக உருவாகும் ஒழுங்கு எல்லாம் ஒரே வகை அல்ல. செல் படலத்தின் கொழுப்பு மூலக்கூறான பாஸ்போலிப்பிடைத் தண்ணீரில் கலந்தால், செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி எதுவும் இல்லாமலே இரட்டைப் படலம் அமையும். கொழுப்பு வால்களைச் சுற்றி ஒழுங்காக அடைபட்டிருந்த நீர் மூலக்கூறுகள், வால்கள் உள்ளே ஒளிந்ததும் விடுபடுகின்றன. மொத்த என்ட்ரோபி கூடுகிறது. இது சமநிலையை நோக்கிய அமைவு.

ஈ.கோலை பாக்டீரியாவின் மின்டி (MinD), மின்இ (MinE) புரதங்கள் அப்படியல்ல. ஏடிபியைச் செலவழித்துக்கொண்டே செல்லின் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் மாறிமாறி ஓடி, செல் பிளவு நடுவில் நிகழ உதவுகின்றன. செல்லுக்கு வெளியே, தட்டையான லிப்பிட் படலத்தின் மேல் இவ்விரண்டையும் ஏடிபியையும் சேர்த்தாலே அலைகள் நகரும். ஏடிபி தீர்ந்தால் அலையும் நிற்கும். எனவே, ஓர் ஒழுங்கு எந்த வகை என்று அறிய ஆற்றலை நிறுத்திப் பாருங்கள். ஆனால் அவசரம் வேண்டாம்: உடனே கலையாததெல்லாம் சமநிலை அமைப்பு என்று முடிவுகட்டிவிட முடியாது, சில மெதுவாகத்தான் சிதையும்.

ஏடிபி என்றதும் 'பிணைப்பை உடைத்தால் ஆற்றல் வரும்' என்பார்கள். பிணைப்பை உடைக்க ஆற்றல் தேவை. நீரோடு வினைபுரிந்து கிடைக்கும் விளைபொருள்கள் அதிக நிலைத்தன்மை உள்ளவை என்பதே காரணம். இந்த வினையின் கட்டற்ற ஆற்றல் மாற்றமாக (வேலைக்குக் கிடைக்கக்கூடிய ஆற்றல்) அட்டவணையிலுள்ள −30.5 கிலோஜூல்/மோல், திட்ட நிலைக்கான, அதாவது குறித்த நிலையான செறிவுகளுக்கான மதிப்பு. செல்லுக்குள் ஏறத்தாழ −50. ஏடிபி, ஏடிபி நீராற்பகுப்பின் விளைபொருள்கள் ஆகியவற்றின் செறிவுகளைச் செல் சமநிலையிலிருந்து வெகுதொலைவில் பிடித்து வைத்திருப்பதால் வரும் கூடுதல் அது. சமநிலையை எட்டிய குழாயில் ஏடிபி மிச்சமிருந்தாலும் அதிலிருந்து வேலை கிடைக்காது.

1977இல் நோபல் பெற்ற வேதியியலாளர் பிரிகோஜினின் 'குறைந்தபட்ச என்ட்ரோபி உற்பத்தி' தேற்றத்தையும் (மாறா நிலையில் என்ட்ரோபி உருவாகும் வேகம் மிகக் குறைவாக இருக்கும் என்பது) கண்ட இடத்திலெல்லாம் ஒட்டாதீர்கள். சமநிலைக்கு அருகிலுள்ள, ஓட்டங்கள் உந்துவிசைக்கு நேர்விகிதத்தில் இருக்கும் நேரியல் பகுதியில் மட்டுமே அது பொருந்தும். மின்டி, மின்இ புரத அலைகளுக்குப் பொருந்தாது. அலையின் நீளத்தையும் வேகத்தையும் அறிய வினைவேகம், பரவல் ஆகியவற்றின் சமன்பாடுகளைத்தான் தீர்க்க வேண்டும்.