பீக் காணாமல் போனால் சேர்மம் சிதைந்துவிட்டதா? பூஞ்சை வேலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் ஆய்வகத்துக்குப் புதிதாக வந்த பெண் ஓடிவந்து, "அக்கா, ஐந்தே நாளில் ஃபெருலிக் அமிலம் மொத்தமும் போயிடுச்சு!" என்று கம்ப்யூட்டர் திரையைக் காட்டினாள். வரைபடத்தில் அந்த அமிலத்தைக் காட்டும் மேடு, அதாவது பீக், அங்கே இல்லை. அந்தச் சந்தோஷம் எனக்குப் பழக்கமானது. 12 வருடங்களுக்கு முன்னால் நானும் அப்படித்தான் ஓடினேன். அப்புறம் என்ன ஆனது என்பதும் மறக்கவில்லை.

லேபிள் ஒட்ட மறப்பது, கன்டாமினேஷன், இதையெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மரத்துக்கு உறுதி தரும் லிக்னினிலிருந்து வரும் ஃபெருலிக், வனிலிக், சிரிஞ்சிக் அமிலங்கள் மாதிரியான, கார்பன் வளையம் கொண்ட அரோமேட்டிக் சேர்மங்களைப் பூஞ்சையிடம் கொடுத்து உடைக்கப் பார்ப்பவர்கள் வழுக்கி விழும் இடங்கள் வேறு.

எத்தனாலில் கரைத்து ஊற்றுவது

ஃபெருலிக் அமிலம் குளிர்ந்த நீரில் லேசில் கரையாது. உடனே கை எத்தனால் பாட்டிலுக்குப் போகும். சரி, கரைந்துவிடும். ஆனால் பல பூஞ்சைகளுக்கு எத்தனாலும் சாப்பாடுதான். அதைத் தின்று செழிப்பாக வளர்ந்து நிற்கும். நீங்களோ "ஃபெருலிக் அமிலத்தை மட்டுமே உண்டு வளர்ந்தது" என்று நோட்டில் எழுதுவீர்கள். சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச் சொட்டாக விட்டால் அமிலம் உப்பாக மாறி நீரிலேயே கரையும். பி.எச். சரிசெய்து, ஃபில்டரில் வடித்துக் கிருமி நீக்குங்கள். காலிக் அமிலத்துக்கு இந்த வழி ஆகாது. காரத்தில் காற்றுப் பட்டதும் அது தானாகவே கறுத்துவிடும்.

ஆட்டோகிளேவில் வைப்பது

நீராவி அழுத்தத்தில் கிருமி நீக்கும் அந்தக் கருவி வேண்டாம். பூஞ்சை தொடுவதற்கு முன்பே சூட்டில் ஃபெருலிக் அமிலத்தின் ஒரு பகுதி கார்பன் டை ஆக்சைடை இழந்து வினைல் குவாயகோல் என்ற வேறு சேர்மமாகிவிடும்.

"காணோம்" என்பதைச் "சிதைந்தது" என்று எழுதுவது

என் மூன்று மாதத்தைத் தின்ற தவறு இது.

வெண்ணிற அழுகல் பூஞ்சையான ட்ராமெட்டெஸ் வெர்சிகலரை ஷேக்கரில் வளர்த்து, லிட்டருக்கு 200 மில்லிகிராம் ஃபெருலிக் அமிலம் சேர்த்தேன். தினமும் ஒரு மில்லி எடுப்பேன், சுழற்றித் தெளிந்த நீரை, கலவையைப் பிரித்து ஒவ்வொரு சேர்மத்தையும் தனி மேடாகக் காட்டும் எச்.பி.எல்.சி. கருவியில் விடுவேன். ஐந்தாம் நாள் பீக் இல்லை. அளவை மாற்றி, வெப்பநிலையை மாற்றி, திரும்பத் திரும்பச் செய்து வரைபடங்களாகச் சேர்த்தேன். கருத்தரங்கில் காட்டியபோது பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் கேட்டார்: "செத்த பூஞ்சையில போட்டுப் பார்த்தீங்களாம்மா?"

பார்க்கவில்லை. மறுநாள் பூஞ்சை உருண்டைகளை ஆட்டோகிளேவில் கொன்று, கழுவி, அதே எடையை அதே கரைசலில் போட்டேன். விடிந்து பார்த்தால் நீரிலிருந்த அமிலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. செத்தது எப்படித் தின்னும்? உருண்டைகளை மெத்தனாலில் அலசி, அந்த மெத்தனாலை எச்.பி.எல்.சி.-யில் விட்டேன். பழைய இடத்திலேயே பழைய பீக் வந்து நின்றது. அமிலம் எங்கும் போகவில்லை, பூஞ்சை இழைகளில் ஒட்டிக்கொண்டிருந்தது.

மிச்சமாவது நிஜமாக உடைந்ததா என்றால், அங்கேயும் அடி. நேரம் மிச்சம் பிடிக்க ஒவ்வொரு எச்.பி.எல்.சி. ஓட்டத்தையும் 15 நிமிடத்தில் நிறுத்திக்கொண்டிருந்தேன். 40 நிமிடம் ஓடவிட்டு, கடைசியில் மெத்தனாலைக் கூட்டியபோது வரிசையாக மேடுகள் கிளம்பின. பூஞ்சை வெளிவிடும் லாக்கேஸ் நொதி ஃபெருலிக் அமிலத்திடமிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிடுங்கி அதை ராடிக்கலாக்கும், அதாவது இன்னொன்றோடு பிணையத் துடிக்கும் மூலக்கூறாக்கும். இரண்டு ராடிக்கல்கள் சந்தித்தால் பிணைந்து இரட்டை மூலக்கூறான டைமராகும். டைமர் பெரிய மூலக்கூறு, நீரோடு அதிகம் ஒட்டாதது, ஆகவே தாமதமாகத்தான் வெளியே வரும். நான் உடைத்துக்கொண்டிருப்பதாக நினைத்த மூன்று மாதமும் என் பூஞ்சை பசை போட்டு ஒட்டிக்கொண்டிருந்தது!

இன்றும் திருத்தக் கொடுக்கும் வரைவுகளில் "95 சதவீதம் சிதைந்தது" என்ற வரியைப் பார்த்தால் எரிச்சல் வரும். செத்த பூஞ்சை எங்கே என்று தேடினால் இருக்காது. ஆரம்பத்திலேயே மூன்று ஃபிளாஸ்க் கூடுதலாக வையுங்கள்: பூஞ்சையே இல்லாதது, செத்த பூஞ்சை உள்ளது, உயிருள்ள பூஞ்சை இருந்து சேர்மம் இல்லாதது. மூன்றாவது எதற்கு என்று எல்லோரும் கேட்பார்கள். பூஞ்சை தானே அரோமேட்டிக் சேர்மங்களைச் செய்யும். இன்னொரு வெண்ணிற அழுகல் பூஞ்சையான ஃபனெரோகீட் கிரைசோஸ்போரியம் வெராட்ரைல் ஆல்கஹாலைச் சொந்தமாகவே தயாரிக்கிறது. அதை உங்கள் விளைபொருள் என்று எண்ணிவிடக் கூடாது.

நீரில் எவ்வளவு, இழையில் எவ்வளவு, விளைபொருளாக எவ்வளவு என்று கூட்டிப் பாருங்கள். போட்ட கணக்கு வர வேண்டும். ஆவியாவதையும் மறக்காதீர்கள், ஷேக்கர் அறையில் வனிலா வாசம் அடித்தால் கணக்கில் வராத வனிலினில் கொஞ்சம் உங்கள் மூக்கில் இருக்கிறது. அரோமேட்டிக் வளையம் உடைந்தது என்று அடித்துச் சொல்ல வேண்டுமானால், வளையத்தில் கதிரியக்கக் கார்பன்-14 வைத்த சேர்மத்தைக் கொடுத்து, வெளிவரும் கார்பன் டை ஆக்சைடில் அந்தக் கார்பனைப் பிடிப்பதுதான் பழைய, நம்பகமான வழி. அதற்கு வசதி இல்லையென்றால் "நீக்கம்" என்று எழுதுங்கள், "சிதைவு" என்று எழுதாதீர்கள்.

ஓடிவந்த பெண்ணை வாழ்த்திவிட்டு ஆட்டோகிளேவைக் காட்டினேன். முகம் சுருங்கிவிட்டது, பாவம்.

பழுப்பு வளையத்தைக் கண்டு துள்ளுவது

டேனிக் அல்லது காலிக் அமிலம் கலந்த அகார் கூழில் பூஞ்சையைச் சுற்றிப் பழுப்பு வளையம் வருகிறதா என்று பார்க்கும் சோதனையை பேவெண்டாம் என்ற ஆய்வாளர் 1928-இல் சொன்னார். பூஞ்சை ஃபீனாலை ஆக்சிஜனேற்றும் நொதியை வெளிவிடுகிறது என்பதற்கு அது அடையாளம். நிறம் கூடுவது பெரும்பாலும் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று சேர்வதால்தான், உடைவதால் அல்ல.

ஃபனெரோகீட்டிடம் லாக்கேஸ் கேட்பது

2004-இல் வெளியான அதன் ஜீனோமில் வழக்கமான லாக்கேஸ் ஜீன் இல்லை. அதன் பலம் 1983-இல் கண்டறியப்பட்ட லிக்னின் பெராக்சிடேஸ் என்ற நொதி. நைட்ரஜன் தாராளமாக இருந்தால் அதையும் காட்டாது. எங்கள் ஆய்வகத்துப் பையன் ஒருவன் ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்டை அள்ளிப் போட்டுவிட்டு இரண்டு வாரம் காத்திருந்தான். பூஞ்சை கொழுகொழுவென்று வளர்ந்தது, நொதி மட்டும் வரவேயில்லை.

பி.எச்.சை முதல் நாளோடு மறப்பது

ஃபெருலிக் அமிலத்தின் பி.கே.ஏ., அதாவது அதில் பாதி அயனியாக இருக்கும் பி.எச்., ஏறக்குறைய 4.6. பி.எச். அதற்குக் கீழே போனால் அயனியாகாத அமிலம் செல்லுக்குள் நுழைந்து பூஞ்சையையே முடக்கும். தினமும் பாருங்கள்.

ஸ்டாக் கரைசலை வெளிச்சத்தில் வைப்பது

அலுமினியத் தாள் சுற்றுங்கள். வெளிச்சம் பட்டால் ஃபெருலிக் அமிலத்தின் ட்ரான்ஸ் வடிவம், அதே அணுக்கள் வேறு விதமாகத் திரும்பி நிற்கும் சிஸ் வடிவமாக மாறி, பக்கத்திலேயே இன்னொரு பீக் முளைக்கும். நான் அதற்கு "புதிய விளைபொருள் 1" என்று பெயரே வைத்திருந்தேன்.