செங்குத்து ஏற்றத்துக்கு யூடிவி வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

யூடிவி என்பது பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கரடுமுரடான இடங்களில் ஓட்டும் நான்கு சக்கர வண்டி. அதில் ஏறப்போவது மணலா, பாறையா? இதை முடிவு செய்யாமல் ஷோரூம் பக்கம் போகாதீர்கள். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலேயே இரண்டும் உண்டு. லிட்டில் சஹாராவில் இருக்கும் சாண்ட் மவுண்டன் ஏறக்குறைய 700 அடி உயர மணல் சரிவு. நடுவழியில் வேகம் குறைந்தால் சக்கரம் புதைந்துவிடும். அதற்கு டர்போ இன்ஜினும் பின்னால் துடுப்பு டயரும் (மணலை வாரித் தள்ளும் துடுப்பு போன்ற பட்டைகள் கொண்டது) வேண்டும். மோவாபின் ஹெல்ஸ் ரிவெஞ்ச் தடமோ மணற்பாறை. அங்கே ஊர்ந்துதான் ஏற வேண்டும். 200 குதிரைத்திறன் இருந்தும் பயனில்லை.

ஓட்டப்போகும் இடம் கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்பதையும் கணக்கில் எடுங்கள். டர்போ இல்லாத இன்ஜின் ஒவ்வொரு 1,000 அடிக்கும் சுமார் 3 சதவீத சக்தியை இழக்கும். 5,000 அடியில் 100 குதிரைத்திறன் 85 ஆகிவிடும்.

பலர் கவனிக்காதது வீல்பேஸ், அதாவது முன், பின் அச்சுகளுக்கு இடையிலான தூரம். அது நீளமானால் ஈர்ப்பு மையமும் பின் அச்சிலிருந்து முன்னால் தள்ளி அமையும். ஏற்றத்தில் வண்டி மல்லாந்து விழுவதும் விழாததும் ஈர்ப்பு மையம் பின் அச்சுக்கு எவ்வளவு முன்னால், தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. மாதிரிக்கு ஒரு கணக்கு: ஆட்களோடு 850 கிலோ எடை, ஈர்ப்பு மையம் பின் அச்சுக்கு 960 மி.மீ. முன்னால், 750 மி.மீ. உயரத்தில். அசையாமல் நிற்கும்போது சுமார் 52 டிகிரி வரை தாங்கும். அதே வண்டியில் பின் அச்சுக்கு 200 மி.மீ. பின்னால், ஒரு மீட்டர் உயரத்தில் 80 கிலோ சாமான் ஏற்றினால் 48 டிகிரிக்கு இறங்கிவிடும். ஆக்ஸிலரேட்டரை மிதித்தாலோ கல்லில் ஏறிக் குதித்தாலோ இன்னும் குறையும். இந்த எண்ணை நம்பி ஏறிவிடாதீர்கள். கையேட்டில் போட்டிருக்கும் வரம்பு இதைவிட வெகு குறைவு, அதுதான் சரி. ஸ்டெப்னியையும் ஐஸ் பெட்டியையும் உயரத்தில் கட்டாதீர்கள்.

இரண்டு இருக்கை போலாரிஸ் ஆர்இசட்ஆர் எக்ஸ்பி 1000-இன் வீல்பேஸ் 90 அங்குலம். கவாஸாகி கேஆர்எக்ஸ் 1000-க்கு 98.8, கேன்-ஆம் மேவரிக் எக்ஸ்3-க்கு 102. ஏற்றத்துக்கு மட்டும் என்றால் நீளமானதே மேல். நான்கு இருக்கை வண்டி இன்னும் நிலையாக ஏறும். ஆனால் உச்சியைத் தாண்டும்போது வயிறு தட்டும்.

அடுத்தது பெல்ட். சிவிடி வண்டியில் (கியர் மாற்றாமல் பெல்ட்டே வேகத்துக்கேற்ப விகிதத்தை மாற்றும் அமைப்பு) லோ கியர் போடாமல் ஹை கியரில் மெதுவாக ஏறினால் பெல்ட் வழுக்கிச் சூடேறிக் கருகும். 30 அங்குல டயரைக் கழற்றி 33 போட்டால் கியரிங் 10 சதவீதம் உயர்ந்துவிடும் (சக்கரத்தில் இழுவை குறையும்), அதே கதைதான். பெரிய டயர் கட்டாயம் என்றால் கிளட்ச் எடைகளையும் ஸ்பிரிங்குகளையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும். பெல்ட் தொல்லையே வேண்டாம் என்பவர்களுக்கு ஹோண்டா டாலன் 1000 இருக்கிறது: ஆறு கியர், இரட்டை கிளட்ச்.

ஒரு முன்சக்கரம் அந்தரத்தில் தொங்கினால், லாக் இல்லாத டிஃபரன்ஷியல் (இரு சக்கரங்களுக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் பாகம்) அதையே வெறுமனே சுற்றிக்கொண்டிருக்கும். பாறையில் ஏறுவதற்கு, முன்சக்கர டிஃபரன்ஷியலில் லாக்கோ, தானே பூட்டிக்கொள்ளும் அமைப்போ இல்லாத வண்டியை வாங்காதீர்கள்.

பழைய வண்டி என்றால் பெல்ட் மூடியைக் கழற்றச் சொல்லுங்கள். உள்ளே கரும்பொடி, பெல்ட்டின் பக்கவாட்டில் கண்ணாடிப் பளபளப்பு, ஓரிடத்தில் மட்டும் தேய்ந்து குறுகிய அகலம், இவை லோ கியர் போடாமல் ஓட்டியதன் அடையாளம். பெல்ட் புதிதாக இருந்தால் ஏன் மாற்றினார்கள் என்று கேளுங்கள். பின்சக்கரத்தைத் தாங்கும் ரேடியஸ் ராடு வளைந்திருக்கிறதா, ரோல் கேஜ் வெல்டிங்கில் விரிசல் உண்டா என்றும் பாருங்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது ஏறுவதோடு நிறுத்தாதீர்கள். சிறு சரிவில் பாதியில் நிறுத்தி, திருப்பாமல் நேராக ரிவர்ஸில் இறக்கிப் பாருங்கள். சிவிடியில் ஆர்பிஎம் மிகவும் விழுந்தால் கிளட்ச் விட்டுவிடும், இன்ஜின் பிரேக்கிங் போய்விடும். அப்போது பிரேக் மட்டுமே வண்டியைப் பிடித்து நிறுத்துகிறதா என்பது அந்தச் சரிவிலேயே தெரிந்துவிடும்.