பிள்ளையின் பையில் கத்தி: யார் பொறுப்பு, யாரிடம் எதைக் கேட்பது

இங்கிலாந்தில் ஒரு பதின்வயதுப் பையன் குத்துப்பட்டுச் செத்தால் மறுநாளே பழி தேடும் படலம் தொடங்கிவிடுகிறது. வளர்ப்பு சரியில்லை என்பார்கள். பள்ளி, போலீஸ், ஃபோன், இளைஞர் மையங்களுக்கான பணத்தை வெட்டிய அரசு என்று விரல் ஒவ்வொரு பக்கமாக நீளும். எதுவும் முழுப் பொய்யில்லை. ஆனால் எல்லோரும் பொறுப்பு என்று முடித்துவிட்டால் யாருமே பதில் சொல்ல வேண்டியிராது. இங்கிலாந்து, வேல்ஸ் சட்டத்தில் ஒவ்வொருவருக்கும் தனி வேலை இருக்கிறது. பல வேலைகளுக்குக் கெடுவும் இருக்கிறது. அதைத் தெரிந்து வைத்துக்கொண்டு எழுத்தில் கேட்க வேண்டும். (ஸ்காட்லாந்தில் சட்டம் வேறு.)

முதலில் கத்தி

பையிலோ மெத்தைக்கு அடியிலோ கத்தி கிடைத்தால், அது என்ன கத்தி என்று பாருங்கள். பல சமயம் அது உங்கள் சமையலறைக் கத்தியாகவே இருக்கும்: வெங்காயம் நறுக்கும் அதே கத்தி, பிடியில் டேப் சுற்றி, அலகில் பழைய சாக்ஸ் மாட்டியபடி. அது வீட்டுக்குள் இருப்பது குற்றமில்லை. தக்க காரணமில்லாமல் தெருவுக்குப் போனால் குற்றம். ஸோம்பி பாணி கத்தி, வெட்டுக்கத்தி (கூர்முனையும் ரம்பப்பல் போன்ற விளிம்பும் கொண்ட, மிரட்டும் தோற்றமுள்ள நீள அலகு) என்றால் கதை வேறு. 2024 செப்டம்பர் 24 முதல் அவற்றை வீட்டில் வைத்திருப்பதே குற்றம். நிஞ்ஜா வாளுக்கு (நேரான அலகுள்ள வாள்) 2025 ஆகஸ்ட் 1 முதல் அதே தடை.

கத்தியில் ரத்தக்கறையோ, பயன்படுத்திய அடையாளமோ இருந்தால் தொடாதீர்கள், கழுவாதீர்கள், எங்கும் கொண்டுபோய் வீசாதீர்கள். பிள்ளையைக் காப்பாற்றுவதாக நினைத்துக் கழுவிய தாய் மீதே வழக்கு வரலாம். உடனே கிரிமினல் வழக்கு பார்க்கும் சொலிசிட்டரை (வழக்கறிஞரை) கூப்பிடுங்கள்.

அப்படி எதுவும் இல்லையென்றால் கத்தியை ஒப்படைத்துவிடலாம். போலீஸின் அவசரமற்ற எண்ணான 101க்கு அழைத்து, பக்கத்தில் கத்தி போடும் பெட்டி எங்கே இருக்கிறது, எப்போது போடலாம் என்று கேளுங்கள். அலகின் இரு பக்கமும் தடித்த அட்டை வைத்து, முனை வெளியே வராதபடி டேப்பால் இறுகச் சுற்றி, கனமான பையில் போடுங்கள். வெறும் செய்தித்தாள் கிழிந்துவிடும். எடுத்துப் போவது நீங்களாக இருக்க வேண்டும், பிள்ளையைக் கொடுத்தனுப்பக் கூடாது. நேராகப் போங்கள். வழியில் கடைக்கு நுழைந்து நேரம் கழித்தால், ஒப்படைக்கத்தான் எடுத்துப் போனேன் என்ற பேச்சு எடுபடாமல் போகும். பெட்டியில் போட்டால் பெயர் கேட்க மாட்டார்கள்.

சமையலறையில் எத்தனை கத்தி இருக்கிறது என்று எண்ணி வையுங்கள். முனை மழுங்கிய கத்திகள் விற்கிறார்கள். அன்றாடச் சமையலுக்கு அதுவே போதும்.

பிறகு பேச்சு

முதல் ராத்திரியே கூச்சல் போட்டு ஆர்ப்பாட்டம் செய்தால் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும், அடுத்த கத்தியை வேறு இடத்தில் ஒளிக்கும். “ஏன் எடுத்தாய்?” என்பதை விட “யாருக்குப் பயப்படுகிறாய்?” என்ற கேள்விக்குப் பதில் கிடைக்க வாய்ப்பு அதிகம். வீட்டிலிருந்து பள்ளி வரை உள்ள வழியை ஒரு தாளில் வரையச் சொல்லுங்கள். எந்த பஸ் நிறுத்தம், எந்த மூலை, எத்தனை மணி என்று குறிக்கச் சொல்லுங்கள். லண்டனில் ஒரு பெரிய விபத்துச் சிகிச்சை மையத்துக்கு 2004 முதல் 2014 வரை குத்துக்காயத்தோடு வந்த இளையோரை ஆராய்ந்தபோது, 16 வயதுக்குக் கீழானவர்கள் அதிகம் காயப்பட்டது மாலை 4 மணிக்கும் 6 மணிக்கும் இடையில். பள்ளி விட்டு வீடு திரும்பும் நேரம். அந்தத் தாள் பின்னால் பள்ளியிடம் பேசும்போது உதவும்.

தொடையில் குத்தினால் சாக மாட்டான் என்று பையன்கள் நம்புகிறார்கள். தொடை வழியே ஓடும் பெரிய தமனி அறுந்தால் சில நிமிடங்களில் உயிர் போய்விடும். இதை ஒளிக்காமல் சொல்லுங்கள். கூடவே இதையும் சொல்லிக் கொடுங்கள்: யாராவது குத்துப்பட்டால் அவசர எண் 999க்கு அழைக்க வேண்டும், துணியை வைத்துக் காயத்தின் மேல் விடாமல் பலமாக அழுத்த வேண்டும், கத்தி உடம்பில் செருகியிருந்தால் பிடுங்காமல் அதைச் சுற்றி அழுத்த வேண்டும்.

சட்டத்தையும் எண்ணோடு சொல்லுங்கள். குற்றப்பொறுப்பு வயது 10. பொது இடத்தில் கத்தி வைத்திருந்ததற்கு வயது வந்தவருக்கு அதிகபட்சம் 4 ஆண்டு சிறை. 16, 17 வயதில் இரண்டாம் முறை தண்டனை என்றால், நீதிமன்றம் தனிக் காரணம் காணாவிட்டால் குறைந்தது 4 மாதம் காவலும் பயிற்சியும் சேர்ந்த உத்தரவு. மடக்கக்கூடிய, பூட்டு விழாத, 3 அங்குலத்துக்கு மிகாத அலகுக்கு மட்டும் விலக்கு உண்டு. பயமாக இருந்தது, நண்பனுக்காக வைத்திருந்தேன் என்பது பொதுவாகக் காரணமாக ஏற்கப்படாது.

பிடிபட்டால் 18 வயதுக்குக் கீழானவரை விசாரிக்கும்போது பெரியவர் ஒருவர் உடனிருக்க வேண்டும். காவல் நிலையத்தில் சொலிசிட்டர் இலவசம். சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம் என்ற ஆசையில் சொலிசிட்டர் வேண்டாம் என்று சொல்வதுதான் குடும்பங்கள் அடிக்கடி செய்யும் பெரிய தவறு.

பள்ளி

பிள்ளைப் பாதுகாப்புக்குப் பொறுப்பான ஆசிரியர் ஒவ்வொரு பள்ளியிலும் இருப்பார். அவருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். வாசலில் நின்று சொன்னதற்குச் சாட்சி இல்லை. தேதி, இடம், நேரம், மிரட்டல் செய்தியின் ஸ்கிரீன்ஷாட் எல்லாம் சேருங்கள். அந்த பஸ் நிறுத்தத்தில் மாலையில் ஆள் நிறுத்த முடியுமா, பிள்ளையைப் பத்து நிமிடம் முன்பே விட முடியுமா என்று குறிப்பாகக் கேளுங்கள். “கவனித்துக்கொள்ளுங்கள்” என்று மட்டும் எழுதினால் “கவனிக்கிறோம்” என்ற பதிலோடு நின்றுவிடும்.

இங்கிலாந்தில், கத்தியோடு பிடித்த பள்ளி பிள்ளையை நிரந்தரமாக நீக்கினால் நாட்களை எண்ணத் தொடங்குங்கள். பள்ளியை மேற்பார்க்கும் ஆளுநர் குழு 15 பள்ளி நாட்களுக்குள் கூடிப் பரிசீலிக்க வேண்டும். நீங்கள் போய்ப் பேசலாம். அவர்கள் முடிவை உறுதிசெய்தால், அந்தக் கடிதம் கிடைத்த 15 பள்ளி நாட்களுக்குள் சுயாதீனக் குழுவிடம் மறுஆய்வு கேட்கலாம். ஆறாவது பள்ளி நாளிலிருந்து முழுநேரக் கல்விக்கு ஏற்பாடு செய்வது கவுன்சிலின் (உள்ளாட்சி மன்றத்தின்) கடமை. இந்தக் கெடு தவறும்போது பிள்ளை பகலெல்லாம் தெருவில் நிற்கிறது, கும்பலுக்கு ஆள் பிடிக்கக் காத்திருப்பவன் கண்ணில் படுகிறது. ஏழாம் நாளே எழுதிக் கேளுங்கள்.

கவுன்சில்

இரண்டாவது ஃபோன், கணக்குச் சொல்ல முடியாத புது உடை, தூர ஊர் ரயில் டிக்கெட், இரவில் காணாமல் போவது: இவை சேர்ந்து தெரிந்தால் போதைப்பொருள் கடத்தும் கும்பல் பிள்ளையை வேலைக்கு வைத்திருக்கக்கூடும். “அவனுக்குக் கடன் பட்டிருக்கிறேன்” என்ற ஒரு வரி வந்தாலும் போதும். நாலு பேருக்குத் தெரிந்தால் மானம் போகும் என்று மறைக்கும் ஒவ்வொரு வாரமும் அந்தக் கடன் ஏறும். கவுன்சிலின் சிறுவர் சேவைக்கு நீங்களே முறையிடலாம். சுரண்டல் சந்தேகம் என்ற சொல்லை அப்படியே எழுதுங்கள். ஒரு வேலைநாளுக்குள் என்ன செய்யப்போகிறோம் என்று அவர்கள் முடிவெடுக்க வேண்டும்; மதிப்பீடு செய்ய எடுத்துக்கொண்டால் இங்கிலாந்தில் 45 வேலைநாட்களுக்குள் அதை முடிக்க வேண்டும்.

இந்த விவகாரத்தில் கத்தி தூக்கிய பிள்ளைக்கும் பொறுப்பு உண்டு, கண்டும் காணாமல் இருந்த வீட்டுக்கும் உண்டு. நீதிமன்றம் பெற்றோர் மீதே உத்தரவு போட்டு 3 மாதம் வரை ஆலோசனை வகுப்புக்குப் போகச் சொல்ல முடியும். ஆனால் முதல் பொறுப்பு, பதினான்கு வயதுப் பையன் கையில் பொட்டலத்தைக் கொடுத்துக் காவலுக்குக் கத்தியும் கொடுக்கும் பெரியவனுடையது. தலைப்புச் செய்தியில் அவன் வருவதே அரிது. அவனைப் பற்றித் தெரிந்ததைப் பெயர் சொல்லாமல் கிரைம்ஸ்டாப்பர்ஸ் என்ற தொண்டு அமைப்பின் 0800 555 111 எண்ணில் தெரிவிக்கலாம்.

18 வயதுக்குக் கீழானவருக்குக் கத்தி விற்கும் கடை, வயது பார்க்காமல் பார்சல் கொடுக்கும் தளம் இரண்டுமே குற்றவாளிகள். ரசீதையும் பெட்டியையும் வைத்துக்கொண்டு கடைகளைக் கண்காணிக்கும் டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ் துறையில் புகார் கொடுங்கள்.

கிளாஸ்கோவில் 2005இல் போலீஸே வன்முறைக் குறைப்புப் பிரிவைத் தொடங்கி, கத்திக்குத்தைத் தொற்றுநோய் போல அணுகியது: யாருக்குப் பரவுகிறது, எங்கே தடுக்கலாம் என்று. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2023 ஜனவரி 31 முதல் கவுன்சில், போலீஸ், தீயணைப்பு, சுகாதாரத் துறை, இளையோர் நீதிக் குழு எல்லாம் சேர்ந்து கடும் வன்முறையைத் தடுக்கத் திட்டம் தீட்டி வெளியிடுவது சட்டக் கடமை. உங்கள் வட்டாரக் கவுன்சிலருக்கு எழுதி அந்தத் திட்டத்தைக் கேளுங்கள். அதில் உங்கள் பிள்ளை வரைந்த அந்த பஸ் நிறுத்தத்துக்கு, மாலை 4 மணிக்கு, யார் வருவதாக இருக்கிறது என்றும் கேளுங்கள்.