சேர்ந்து முட்டினால் சேர்ந்துதான் விழணும்

கோபியில் நானும் நண்பரும் திரையில் ஆடும் ஒரு கார்டு கேம் செய்துகொண்டிருக்கிறோம். விளையாடிப் பார்த்த அக்கா மகன், "ஏனுங்க மாமா, காங்கேயம் காளையும் பர்கூர் காளையும் ஒண்ணாத்தானே முட்டுச்சு, என்னுது மட்டும் ஏனுங்க சாகுது?" என்றான். நியாயமான கேள்வி. இரண்டு காளைக் கார்டுக்கும் ஒரே பலம், ஒரே உயிர்.

முதல் அடி விழுந்ததுமே உயிர் தீர்ந்த கார்டை நாங்கள் எழுதிய கோட் நீக்கிவிட்டது. திருப்பி அடிக்க ஆளே இல்லை. அதனால் இரண்டு அடியையும் சேர்த்துக் கழித்த பிறகே யார் செத்தது என்று பார்க்க வைத்தேன். மேஜிக் தி கேதரிங் என்ற கார்டு கேமிலும் சாதாரண மோதலில் அடிகள் ஒரே நேரத்தில்தான் விழும்.

உண்மையான தலைவலி அனிமேஷன்தான். முட்டும் காட்சி முடிந்த பிறகே உயிர் குறைந்தது. அதற்குள் டர்னை முடித்தால் அடி எதிராளியின் டர்னில் போய் விழும்! இப்போது கணக்கு உடனே முடிந்துவிடும். நடந்ததெல்லாம் ஒரு க்யூவில் சேரும், திரை அதை நிதானமாகக் காட்டிக்கொள்ளட்டும். சாகும்போது ஏதாவது விளைவைக் காட்டும் கார்டுகள் இரண்டு ஒன்றாகச் செத்தால், யாருடைய டர்னோ அவருடைய கார்டு முதலில் வேலை செய்யும். அனிமேஷனை அணைத்துவிட்டு ஓட்டினாலும் முடிவு மாறுவதில்லை.