இலங்கை மலையகத்தில் வானொலிக் கலை நிகழ்ச்சி செய்ய வருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹட்டனிலோ பதுளையிலோ இருந்து வானொலிக்குப் போக ஆசைப்படும் தம்பி தங்கைகள் முதலில் குரலைத்தான் தயார் செய்கிறார்கள், கொழும்பு அறிவிப்பாளரின் ஏற்ற இறக்கம், சென்னை எஃப்எம் வேகம் எல்லாம் பழகி. கலை நிகழ்ச்சிக்கு அது இடைஞ்சல். லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், இருக்கும் பாட்டியிடம் அந்தக் குரலில் பாட்டுக் கேட்டால் அவரும் மேடைத் தமிழுக்கு மாறிவிடுவார், அப்புறம் பாட்டும் அவர் வாயில் பழையபடி வராது. வீட்டில் பேசுகிற மாதிரியே கேளுங்கள்.

அதைவிடப் பெரிய தவறு, ஒன்றும் தெரியாமல் போய் நிற்பது. மாசியில் காமன் கூத்து நடக்கும்போது, மன்மதனைச் சிவன் எரிக்கும் கடைசி இரவுக்கு மட்டும் வந்து, "மூன்று நிமிடத்துக்கு அவன் மனைவி ரதியின் ஒப்பாரி பாடுங்கள்" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். காமன் கம்பம் ஊன்றும் நாளிலிருந்தே கூத்து நடக்கும் பொட்டலுக்குப் போயிருந்தால்தானே ரதி ஏன் அழுகிறாள் என்று நேயருக்குச் சொல்ல முடியும்? அருச்சுனன் தபசு கூத்தில் அருச்சுனனாக ஆடுபவர் தபசு மரத்தில் ஏறிக்கொண்டே பாடுவார், அது தெரியாமல் கீழே மைக்கை வைத்தால் கூட்டத்தின் பேச்சுத்தான் பதிவாகும். முன்கூட்டியே கூத்து வாத்தியாரைப் போய்ப் பாருங்கள்.

தப்பு என்னும் பறையைப் பதிவு செய்யும் விஷயத்தில் அவசரமே கூடாது. பனியில் தோல் தளர்ந்துவிடும், நெருப்பில் காய்ச்சி எடுத்த பிறகுதான் சத்தம் கணீரென்று வரும். ஓங்கி அடிக்கச் சொல்லி அதற்கேற்றபடி பதிவுக் கருவியின் ஒலியளவைக் குறைத்து வைத்துக்கொண்டு, மைக்கைச் சற்றுத் தள்ளிப் பக்கவாட்டில் வையுங்கள், இல்லாவிட்டால் ஒலி உடையும், பின்னால் சரிசெய்யவே முடியாது. மைக்குக்குக் காற்றுத்தடுப்பு உறையும் வேண்டும். இன்னொன்று, தப்படிப்பவரிடம் சாதியைத் துருவும் கேள்வியை ஒலிவாங்கிக்கு முன்னால் கேட்காதீர்கள். அந்த அவமானத்தைத் தலைமுறையாகச் சுமந்தவர்கள் அவர்கள். பேசுவதா வேண்டாமா என்பதை அவரே முடிவு செய்யட்டும், அவரிடம் அடிகளைப் பற்றிக் கேளுங்கள், சாவுக்கு எது, சாமிக்கு எது என்று விளக்குவார்.

பெண்களைக் கூடையோடு நிறுத்தித் தேயிலைக் கொழுந்து எடுப்பது போல நடிக்கச் சொல்வதும் வேண்டாம். மாலையில் கொழுந்தை எடைபோட்டுவிட்டு வீட்டு வேலையும் முடிந்த பிறகு போனால், தாலாட்டிலிருந்து ஒப்பாரி வரை தானாகவே வரும்.

சி. வி. வேலுப்பிள்ளை, 1947இல் தலவாக்கலைக்கு நாடாளுமன்ற உறுப்பினரானவர், நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுத்தார். அப்படிப்பட்டவர்களால் வரிகள் மிஞ்சின, ஆனால் மெட்டு காகிதத்தில் நிற்காது. அதனால்தான் நிகழ்ச்சி ஒலிபரப்பானதும் முழுப் பதிவை அழிப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை. வெட்டாத பதிவை எம்பி3 ஆகச் சுருக்காமல், தரம் குறையாத வேவ் கோப்பாகவே இரண்டு இடத்தில் வையுங்கள், பாடியவர் பெயர், தோட்டம், அதன் டிவிஷன் (தோட்டப் பிரிவு), தேதி எல்லாம் சேர்த்து. ஒலிபரப்பிலும் அவர் பெயரைச் சொல்லுங்கள். "ஒரு தோட்டத் தொழிலாளி" என்று சொல்லிவிட்டுப் போகாதீர்கள்.

சம்பளத்தைப் பற்றி: பெரும்பாலும் பகுதிநேரமாகத்தான் தொடங்க வேண்டிவரும். கூத்துக்குழுவுக்குப் போக்குவரத்துக் காசு யார் தருவது, பதிவு யாருக்குச் சொந்தம் என்பதையெல்லாம் நிலையத்தோடு முதலிலேயே எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள்.