கத்தரிக்கு முன்னால் கடுகு: தோட்டத்தில் மூடுபயிர் போடும் முறை

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நிலம் சும்மா கிடக்கும் மாதங்களில் கடுகு குடும்பத்து எண்ணெய்வித்துப் பயிர்களான ரேப்சீடு, கனோலா விதைத்து மண்ணை மூடி வைப்பார்கள். அதைப் பார்த்துவிட்டு இங்கே கனோலா விதை தேடி அலைய வேண்டாம். குளிர்கால ரகங்களுக்குப் பல வாரம் நல்ல குளிர் கிடைத்தால்தான் பூவே வரும். வேலூரில் அதற்கு எங்கே போவது? போதாததற்கு, கனோலா என்பதே காரம் குறைத்து உருவாக்கிய ரகம். நமக்கு வேண்டியது அந்தக் காரம்தான். அதே குடும்பத்தைச் சேர்ந்த நம் அஞ்சறைப்பெட்டிக் கடுகு போதும்.

யாருக்கு இது பயன்படும்? 2023இல் புவிசார் குறியீடு பெற்ற இலவம்பாடி முள்ளுக் கத்தரியோ, தக்காளியோ, ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப நடுபவர்களுக்கு. செடி வாடுகிறதே என்று பிடுங்கிப் பார்த்தால் வேரெல்லாம் முடிச்சாக இருக்கும். அது மண்ணில் இருந்து வேரைத் தாக்கும் நுண்ணிய நூற்புழுவின் வேலை. கடுகுச் செடியை மண்ணில் மடக்கி உழுதால் அதன் காரம் நூற்புழுவை ஓரளவு குறைக்கும், அடியோடு ஒழிக்காது. நெல்லுக்கு முன் தழைச்சத்து வேண்டுமென்றால் தக்கைப்பூண்டோ சணப்பையோ போடுங்கள். கடுகு காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துத் தராது.

விதைப்பு. ஐப்பசி கடைசியிலிருந்து கார்த்திகைக்குள் விதைத்துவிடுங்கள். வெயில் காலத்தில் போட்டால் ஒரு சாண் வளர்வதற்குள் பூத்துவிடும். முதல் தடவைக்கு 5 சென்ட் போதும், அதற்கு 200 கிராம் விதை. கடைக் கடுகு பழசாக இருக்கலாம்; 20 விதையை ஈரத்துணியில் சுற்றி வைத்து, முளைக்கிறதா என்று முதலில் பாருங்கள். மண்ணைப் பொலபொலவென்று உழுது, விதையோடு நான்கைந்து பங்கு மணல் கலந்து தூவுங்கள். மேலே முள் கிளையை லேசாக இழுத்தால் சரி. இரண்டு செ.மீ.க்குக் கீழே புதைந்தால் முளை வருவது கஷ்டம். தண்ணீரை வேகமாகப் பாய்ச்சினால் விதை ஒரு மூலையில் போய்ச் சேர்ந்துவிடும்.

அப்புறம் பெரிய வேலை கிடையாது. தண்ணீர் தேங்காமல் வடிகால் இருக்கட்டும். அசுவினி வரும். மடக்கி உழப்போகும் செடிக்கு மருந்து வாங்கிச் செலவு செய்யாதீர்கள்.

மடக்கி உழும் நாள். எல்லாமே இந்த ஒரு நாளில்தான் இருக்கிறது. ஏறக்குறைய 40 முதல் 50 நாளில் பாதிச் செடி பூத்திருக்கும். பூ அழகாக இருக்கிறது, தேனீ வருகிறது என்று தள்ளிப் போடாதீர்கள். காய் முற்றி வெடித்தால் கடுகே களையாகிவிடும். கடுகு வேரிலும் நூற்புழு பெருகக்கூடும் என்பதால், தாமதித்தால் போட்ட நோக்கத்துக்கே எதிராகப் போய்விடும்.

கடுகை அரைத்தால் மூக்கில் ஏறுமே, அந்தக் காரம் நறுக்காத செடியில் கிடையாது. செல் உடைந்து நீர் பட்டதும்தான் உண்டாகிறது. அது சீக்கிரம் ஆவியாகிப் போகும். அதனால் செடியைப் பொடிப்பொடியாக நறுக்க வேண்டும், நறுக்கிய கையோடு மண்ணில் புதைக்க வேண்டும். காலையில் வெட்டிப் போட்டு மாலையில் உழுவது வீண். பவர் டில்லரில் ரோட்டாவேட்டர் போட்டால் இரண்டும் ஒன்றாக முடியும். ஆள் வைத்து வெட்டினால் ஒருவர் வெட்ட, இன்னொருவர் பின்னாலேயே மண்ணைக் கொத்திப் புரட்டட்டும். உடனே தண்ணீர் விடுங்கள். ஈர மண் மேலே மூடி, வாயுவை உள்ளே நிறுத்தும்.

நடவு. இரண்டு மூன்று வாரம் பொறுங்கள். அந்தக் காரம் இளம் நாற்றையும் சுடும். சந்தேகமாக இருந்தால் ஓர் ஓரத்தில் கீரை விதை தூவிப் பாருங்கள். ஒழுங்காக முளைத்தால் நாற்று நடலாம். பயிரின் வேரோடு சேர்ந்து வாழ்ந்து அதற்குச் சத்து எடுத்துக் கொடுக்கும் வேம் (VAM) பூஞ்சாணம் கடுகு வேரில் வளராது. அதனால் கத்தரி நடும்போது குழியில் கொஞ்சம் வேம் உரம் போடுவது நல்லது.

அடுத்து முட்டைக்கோஸ், காலிஃப்ளவர், முள்ளங்கி போடும் எண்ணம் இருந்தால் அந்த இடத்தில் கடுகு வேண்டாம். எல்லாம் ஒரே குடும்பம், பூச்சியும் ஒன்றே.