கமாண்டோ படங்களில் வரலாற்றைச் சரிபார்க்கும் முறை

உண்மையான கமாண்டோ நடவடிக்கையை ஒட்டிய படத்தைச் சரிபார்க்க முற்படுவோரில் பலர் சீருடை, பதக்கம், துப்பாக்கி ரகம் என்று தொடங்குகிறார்கள். அவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். படையினருக்கு இடப்பட்ட பணி எது, எத்தனை பேர் சென்றார்கள், துப்பாக்கிச் சண்டை நடந்ததா, யார் யார் உயிரிழந்தார்கள் என்று படம் சொல்வதை முதலில் குறித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து அக்குறிப்புகளை ஆவணங்களோடு ஒப்பிட வேண்டும். நடவடிக்கை முடிந்த கையோடு எழுதப்பட்ட அறிக்கைக்கு முதலிடமும், பல ஆண்டுகள் கழித்து வந்த நினைவுக்குறிப்புக்கு அதற்கடுத்த இடமும் தரலாம். சேதத்தின் அளவு பெரும்பாலும் எதிர்த்தரப்பின் பதிவில்தான் தெளிவாக இருக்கும் என்பதால் அதையும் தேட வேண்டும். இரகசியக் கோப்புகள் வெளிவருமுன் எடுக்கப்பட்ட படத்தின் சில பிழைகளுக்கு இயக்குநரைக் குறை சொல்ல முடியாது.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் பிடியிலிருந்த நார்வேயின் வேமோர்க் கனநீர் ஆலைத் தாக்குதல் இதற்கு நல்ல பயிற்சி. கனநீர் (heavy water) என்பது ஜெர்மனியின் அணு ஆராய்ச்சிக்குத் தேவைப்பட்ட, கன ஹைட்ரஜன் கொண்ட நீர். 1943 பிப்ரவரி 27 இரவு, 23 வயதான யோவாகிம் ரோன்னபெர்க் தலைமையில் ஒன்பது நார்வே வீரர்கள் செங்குத்தான பள்ளத்தாக்கைக் கடந்து சென்று, கனநீர்க் கலங்களைத் தகர்த்து, ஒரு தோட்டாவும் சுடாமல் வெளியேறினார்கள். 1965இல் வந்த 'தி ஹீரோஸ் ஆஃப் டெலிமார்க்' இயற்பியல் பேராசிரியர் ஒருவரை நாயகனாக்கிக் களத்தில் இறக்கியது. திட்டத்தில் உண்மையில் பங்காற்றிய பேராசிரியர் லைஃப் துரோன்ஸ்தாத் வேதியியலாளர், தாக்குதல் நடந்தபோது பிரிட்டனில் இருந்தவர். திரைக்கதைக்காகச் செய்த இந்த மாற்றத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் 1944 பிப்ரவரி 20 அன்று கனநீரை ஏற்றிச் சென்ற பயணிகள் கப்பல் தின் ஏரியில் மூழ்கடிக்கப்பட்ட நிகழ்வில், படத்தின் நாயகன் கப்பலில் ஏறிக் குழந்தைகளைக் காப்பாற்றுகிறான். உண்மையிலோ பயணிகள் எச்சரிக்கப்படவே இல்லை, நார்வேப் பொதுமக்கள் 14 பேர் இறந்தார்கள். தம் நாட்டவர் சாகக்கூடும் என்று தெரிந்தே குண்டு வைத்தவர்களின் மனச்சுமையைத் துடைத்தெறியும் இம்மாற்றத்தையே நான் பெரும்பிழை என்பேன்.

உயிரிழப்பைச் சரிபார்க்கும்போது பிடிபட்டவர்களின் கதியைத் தனியே தேட வேண்டும், ஏனெனில் பிடிபடும் கமாண்டோக்களைக் கொன்றுவிட வேண்டும் என்று 1942 அக்டோபரில் ஹிட்லர் ஆணையிட்டிருந்தார். அதே ஆண்டு டிசம்பரில் ஜெர்மானியர் பிடியிலிருந்த பிரான்சின் போர்தோ துறைமுகக் கப்பல்களைத் தகர்க்க ஐந்து சிறு துடுப்புப் படகுகளில் கிளம்பிய பத்து பிரிட்டிஷ் வீரர்களில் இருவர் கடலில் மாண்டார்கள், அறுவர் பிடிபட்டபின் கொல்லப்பட்டார்கள், இருவர் மட்டுமே திரும்பினார்கள். இவ்வாறு வகை பிரித்து எழுதிக்கொண்டு படத்தை மறுபடி பார்த்தால், எந்த வகை மரணத்தை அது காட்டாமல் விட்டது என்பது தெரிந்துவிடும்.